பூம்பாறையில் படக்காரர்கள் கூட்டம்

கேள்வி: எங்கள் புகைப்படக் குழுவில் 30 பேர். வருடாந்திரக் கூட்டத்தை இந்த முறை கொடைக்கானல் பூம்பாறையில் இரண்டு நாள் நடத்த நினைக்கிறோம். எதில் கவனம் வேண்டும்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: பொங்கல் கூட்டம் வடிந்தபின், ஜனவரிக் கடைசியில் வையுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். மே மாதம் வேண்டவே வேண்டாம், பாதி நாள் மலைப்பாதை நெரிசலிலேயே போய்விடும். ஒவ்வொரு வண்டிக்கும் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

படிக்கட்டு வயல்களை எடுக்க 6 மணிக்கே முக்காலியை நிறுத்திவிட வேண்டும். வெயில் ஏறினால் பனிமூட்டம் கலைந்து, வரப்புகளின் நிழலும் தட்டையாகிவிடும். பூண்டுப் பாத்தியில் கால் வைக்கக் கூடாது. நிலத்துக்காரரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். காட்டுப் பக்கம் அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் வம்புதான்.

பலரும் கோட்டை விடுவது திரும்பி வரும்போது. குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும், சில சமயம் உள்பக்கமும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டு மூடி, உள்ளே வந்து ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கவும். மெமரி கார்டை முன்பே கழற்றி வைத்துக்கொண்டால் கை பரபரக்காது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உபரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள்.

மாலைத் திரையிடலுக்கு ஆளுக்கு 5 படம் போதும். 150 படம், படத்துக்கு ஒரு நிமிடம் என்றாலே இரண்டரை மணி நேரம். எல்லாவற்றையும் மதியமே ஒரே லேப்டாப்பில் ஏற்றிவிடுங்கள். தங்குமிடத்தில் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டுக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.