எபிகூரஸ் "தின்று குடித்துக் கொண்டாடு" என்றுதான் சொன்னாரா? அவர் பெயர் இன்றும் நிலைத்திருப்பது எதனால்?

இல்லவே இல்லை. கிரேக்க ஞானிகளில் இவரளவுக்கு வீண்பழி சுமந்தவர் வேறு யாரும் இல்லை என்பேன்.

கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்தவர். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி, நண்பர்களும் மாணவர்களுமாக அங்கேயே குடியிருந்தார். இன்பமே வாழ்வின் இலக்கு என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த இன்பம், உடம்பில் வலி இல்லாமல் மனதில் கலக்கம் இல்லாமல் இருப்பது. அதைக் கெடுப்பவை தெய்வ பயமும் சாவு பயமும்தான் என்றார். நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, பிறகு எதற்குப் பயம் என்று கேட்டார். அவருடைய சாப்பாடோ ரொட்டியும் தண்ணீரும். கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்பிவை, நினைத்தபோது விருந்தே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார்.

பிறகு பழி எங்கிருந்து வந்தது? அந்தத் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்து படித்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அவரை விட்டுப் பிரிந்த மாணவர் திமோக்ரடீஸ், குரு தின்று தின்று தினம் இரண்டு முறை வாந்தி எடுப்பார் என்று எழுதிவைத்தார். உயிர் உடலோடு அழியும் என்று சொன்னவரைப் பிற்காலக் கிறித்தவ உலகமும் மன்னிக்கவில்லை. இத்தாலியக் கவி தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தில் எரியும் கல்லறைக்குள் போட்டார்.

அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்று பாருங்கள். கி.மு. 270. சிறுநீரகக் கல்லால் சிறுநீர் அடைத்துப் பதினான்கு நாள் துடித்தார். கடைசி நாளில் இதோமெனேயஸ் என்ற நண்பருக்கு ஒரு கடிதம்: வலி இதற்குமேல் கூட முடியாது, ஆனாலும் நாம் பேசிக் களித்ததை நினைக்கும் மகிழ்ச்சி அதற்கு ஈடாக நிற்கிறது, மெத்ரோதோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள். எபிகூரஸின் நெருங்கிய மாணவரான அந்த மெத்ரோதோரஸ், வாந்திக் கதை கட்டிய திமோக்ரடீஸின் சொந்தச் சகோதரர்! தன்னோடு தத்துவம் படித்த மிஸ் என்ற அடிமைக்கு உயிலில் விடுதலையும் எழுதிவைத்தார். அவர் வாழ்ந்த விதத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவர் எழுதியவை சுமார் 300 சுருள்கள் என்பார்கள். முழுதாக மிஞ்சியவை மூன்று கடிதங்களும் 40 சூத்திரங்களும்தான். மற்றபடி அவரைக் காப்பாற்றியது அவரை நேசித்தவர்கள். ரோமானியக் கவி லுக்ரீஷியஸ், எல்லாமே அணுக்களால் ஆனவை என்ற அவருடைய கொள்கையை நெடுங்கவிதையாகப் பாடினார். மறந்தே போயிருந்த அந்த நூல் 1417இல் மறுபடி கண்டெடுக்கப்பட்டது. கார்ல் மார்க்ஸின் முனைவர் பட்ட ஆய்வே, அணுக்களைப் பற்றி முன்பே பேசிய கிரேக்க ஞானி தெமோக்ரிதஸ், எபிகூரஸ் இருவரின் இயற்கைத் தத்துவம் பற்றியதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்றைய துருக்கியிலுள்ள ஒய்னோவாந்தா ஊர்க்காரர் தியோகெனஸ் செய்த காரியம். கி.பி. 2ஆம் நூற்றாண்டு. உடல் நலிந்த முதுமையில், தான் குருவாகக் கொண்ட எபிகூரஸின் போதனை வழிப்போக்கருக்கும் வெளியூர்க்காரருக்கும் மருந்தாகட்டும் என்று, ஊர் நடுவே நீண்ட சுவர் முழுக்கக் கல்லில் வெட்டிவைத்தார். சுவர் இடிந்துவிட்டாலும் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

எபிகூரஸையே படிக்க விரும்பினால் மெனோய்கியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்குங்கள். சில பக்கங்கள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம்.