ரப்பர் படகு: எந்த அளவு யாருக்கு?

ஏரியில் தூண்டில் போட இரண்டு பேர் போவோம். 2.3 மீட்டர் படகிலேயே 'மூன்று பேர்' என்று போட்டிருக்கிறது. 2.7 மீட்டருக்கு ஏன் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும்?

2.7 மீட்டரையே வாங்குங்கள். விலைப்பட்டியலில் இருப்பது வெளி நீளம். முன்வளைவு டியூப்பின் தடிமனும், மோட்டார் மாட்டும் பலகைக்குப் பின்னால் நீளும் டியூப் முனைகளும் அதில் சேர்த்தி. டியூப்பின் விட்டம் 35 செ.மீ. என்றால், 2.3 மீட்டர் படகுக்குள் மிஞ்சுவது சுமார் ஒன்றரை மீட்டர் நீளமும் 60-65 செ.மீ. அகலமும்தான். எதிரெதிரே உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும். தூண்டில் பெட்டியை மடியில் வைக்க வேண்டியதுதான். 2.7-ல் உள்நீளம் 1.8 மீட்டர் அளவுக்கு வரும். பெட்டியும் நங்கூரக் கயிறும் அடங்குவது அந்த 30 செ.மீ.யில்தான்.

தகட்டில் உள்ள ஆள் கணக்கு, படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு. கை வீசித் தூண்டில் போட இடமிருக்குமா என்பது வேறு. தனியாகப் போய், தானே தூக்கி வருபவருக்கு 2.3 நல்ல படகு.

வேளச்சேரிப் பக்கம் எங்கள் குடியிருப்புக்கு, வெள்ள நேரத்துக்கென்று ஒரு படகு வாங்கி வைக்க நினைக்கிறோம். என்ன அளவு?

3.3 மீட்டருக்குக் குறையக் கூடாது. நடக்க முடியாத ஒருவரைப் படுக்க வைக்க அந்த உள்நீளம் வேண்டும். டியூப்பில் குறைந்தது மூன்று தனித்தனி காற்றறைகள் இருக்கட்டும். மதில் மேல் பதித்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கிழித்தாலும் மற்றவை மிதக்க வைக்கும். தரை அலுமினியப் பலகையாக இருப்பது நல்லது.

மோட்டார் வேண்டாம். மூழ்கிக் கிடக்கும் பைக், கேபிள், பிளாஸ்டிக் பை எல்லாம் புரொப்பெல்லரில் சிக்கும். இடுப்பளவுத் தேங்கிய நீரில் இரண்டு பேர் கயிற்றால் இழுக்கலாம். முன்னே போகிறவர் கம்பால் தரையைத் தட்டிப் பார்த்தே அடி வைக்க வேண்டும், திறந்த சாக்கடைக் குழிகள் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இழுவையாக ஓடினாலோ, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது உறுதியாகத் தெரியாவிட்டாலோ இறங்கவே கூடாது. தீயணைப்புத் துறையை அழையுங்கள். உட்காரும் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

வாங்கி மூலையில் போட்டால் எலி கடித்துவிடும். மூடியுள்ள டிரம்மில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். செப்டம்பரிலேயே ஒருமுறை காற்றடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எந்த அறை தொய்கிறதோ அதன் வால்விலும் தையலிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

காற்றுத் தரையா, மரச்சட்டத் தரையா?

நின்று தூண்டில் போட வேண்டுமானால் காற்றுத் தரை. மேல், கீழ்த் துணிகளை உள்ளே ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடித்திருப்பதால், 0.7-0.8 பார் அழுத்தத்தில் பலகை போல் விறைக்கும். அழுத்தம் குறைந்தால் காலடியில் குழியும். அதனால் அளவுமானியுள்ள பம்ப் அவசியம். காற்றுத் தரைக்கும் டியூப்புக்கும் இடையே மணல் புகுந்தால் தேய்ந்து ஓட்டையாகும், ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள். மரச்சட்டத் தரை விலை குறைவு, தரையோடு சேர்த்தே சுருட்டலாம்; ஆனால் எழுந்து நின்றால் ஆடும்.

காலையில் சரியாக அடித்த காற்று, மதியம் கல் போல இறுகிவிடுகிறதே?

வெயில்தான் காரணம். 25 டிகிரியில் 0.25 பார் வைத்த டியூப், கரையில் கிடந்து 50 டிகிரிக்குச் சூடானால் சுமார் 0.35 பாரைத் தொடும். முதலில் பிய்வது காற்றறைத் தடுப்பின் ஒட்டுதான். கரைக்கு இழுத்ததும் கொஞ்சம் காற்றை இறக்கி, நிழலில் வையுங்கள். மறுபடி நீரில் இறக்கியதும் குளிர்ந்து தொய்யும். பத்து நிமிடம் கழித்து அழுத்தம் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்.

2.7 மீட்டர் படகுக்கு பேட்டரி மோட்டார் போதுமா?

ஏரிக்குப் போதும். 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை உள்ள மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால், முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. எதிர்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும், துடுப்பை வீட்டில் விட்டுவிடாதீர்கள். பேட்டரியின் 25-30 கிலோவை மொத்தச் சுமையில் கழித்துக்கொள்ளுங்கள்.