தக்காளி வாடல்: மருந்துக்கு முன் வேரைப் பாருங்கள்

வணக்கம். நட்டு நாற்பது நாளான தக்காளி நண்பகலில் வாடி மாலையில் தெளிவதாகவும், வயலில் திட்டுத் திட்டாக மஞ்சள் படர்வதாகவும் எழுதி, இது வாடல் நோயா, வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான நூற்புழுவா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் ஒரு செடியின் தண்டை அடியில் அறுத்து, வெட்டுமுனை கண்ணாடித் தம்ளர் நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். வாடல் நோயும் நூற்புழுவும் சேர்ந்தே வருவதுண்டு என்பதால், இழை இறங்கினாலும் வேரைப் பார்த்துவிடுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். முடிச்சுள்ள சல்லிவேர்கள் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். மண்வெட்டியால் தோண்டியெடுத்து வாளி நீரில் மெல்ல அலசுங்கள். வேரே உப்பி மணிமணியாகத் திரண்டிருந்தால் அது பெரும்பாலும் வேர்முடிச்சு நூற்புழுதான். பயறுச் செடியின் வேரில் இயல்பாக வரும் முடிச்சு நகம் பட்டால் உதிரும், இது உதிராது. முடிச்சை ஊசியால் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால், முத்துவெண்மையில் பேரிக்காய் வடிவப் பெண்புழு தென்படும்.

முடிச்சு இல்லையென்றாலும் நூற்புழு இல்லை என்று முடிவுகட்ட முடியாது, ஏனெனில் மொச்சை வடிவ நூற்புழு முடிச்சு உண்டாக்குவதில்லை. அதற்கு ஆய்வகம்தான் வழி. முற்றிலும் செத்த செடியடியில் எடுக்காமல், திட்டின் ஓரத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்துக் கலந்து, கால் கிலோ மண்ணும் சிறிது சல்லிவேரும் பாலித்தீன் பையில் கட்டி நிழலில் வையுங்கள். உரப் பரிசோதனைக்குச் செய்வதுபோல் உலர்த்திவிடாதீர்கள். ஆய்வகத்தில் மண்ணிலிருந்து புழுவைப் பிரிக்கும் புனல் முறையில், நகரும் உயிர்ப்புழு மட்டுமே சிக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது.