வளையப் புள்ளியும் மூச்சிரைப்பும்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளி பயிரிடுகிறேன். அடியிலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள், ஆல்டர்னேரியா என்றார்கள். ‘அதே பூஞ்சையில் செய்த இயற்கை மருந்து’ என்று கடையில் ஒரு பாட்டில் தருகிறார்கள். காய்ந்த செடிகளைப் பிடுங்கும்போது என் மனைவிக்கு மூச்சிரைக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?

பதில்: குடும்பம் ஒன்று, ஆட்கள் வேறு. தக்காளியில் வளையப் புள்ளியை உண்டாக்குவது ஆல்டர்னேரியா சொலானியும் அதன் நெருங்கிய உறவினங்களும். ஆஸ்துமாவைத் தூண்டுவதில் பேர்போன ஆல்டர்னேரியா ஆல்டர்னேட்டா, பெரும்பாலும் செத்த இலையிலும் சருகிலும் வளர்வது. ஆகவே, மருந்து தெளித்து இந்த வளையப் புள்ளி நோயை அடக்கிவிட்டாலும், அறுவடை முடிந்து காயும் செடிகளிலிருந்து தூசியாய்க் கிளம்பும் பூஞ்சை வித்துகள் உங்கள் மனைவியை விட்டுவிடப் போவதில்லை. காற்றடிக்கும் வறண்ட பகலில்தான் அவை அதிகம் பறக்கும். முடிந்துபோன செடிகளை அதிகாலைப் பனியீரத்தில் வேறொருவர் பிடுங்கட்டும். உங்கள் மனைவியே போக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் அணியட்டும். எந்த ஒவ்வாமை என்பதை மருத்துவர் தோல்பரிசோதனையில் பார்ப்பார். ஏற்கெனவே இன்ஹேலர் எடுக்கிறார் என்றால், அதுவரை அதை நிறுத்தக் கூடாது.

அந்தப் பாட்டிலை வாங்காதீர்கள். ஆல்டர்னேரியாவில் சில இனங்கள் களைகளைக் கொல்வது உண்மை; அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் களைக்கு எதிராக ஓர் இனம் 2005இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது, ஆகாயத்தாமரையைத் தாக்கும் இனம் நம் நாட்டிலும் ஆராயப்பட்டது. அவை களைக்கானவை, தக்காளி நோய்க்கு மருந்தல்ல. கடைக்காரர், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மாவைத்தான் பெயர் மாற்றிச் சொல்கிறார் என்றால், அது முற்றிலும் வேறு பூஞ்சை. அதையும் பூஞ்சைக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலக்கச் சொன்னால், காசு கொடுத்து வாங்கியதை நீங்களே கொல்கிறீர்கள். பதிவு எண், தொகுதி எண், காலாவதித் தேதி, ரசீது ஆகிய நான்கில் ஒன்று இல்லையென்றாலும் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். ரசீதில்லாமல் கைமாறும் இந்தப் பாட்டில்களைத் தடுக்க வேண்டியவர்கள் என்றைக்குக் கடைப்படி ஏறுவார்கள் என்று நானும் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நோய்க்கு, தாக்கப்பட்ட அடியிலைகளை ஈரம் காய்ந்தபின் கிள்ளி வயலுக்கு வெளியே புதைத்துவிட்டு, லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் பூஞ்சைக்கொல்லி தெளியுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, இதைச் சொல்ல எந்தக் கடையும் முன்வராது: இன்னும் இரண்டு மூன்று பறிப்புதான் மிச்சம், புள்ளி பழைய அடியிலைகளோடு நிற்கிறது, மேல்குருத்தும் காய்க்காம்பும் சுத்தமாக இருக்கின்றன என்றால் எதையும் தெளிக்க வேண்டாம். அந்த இலைகள் எப்படியும் உதிரப் போகின்றன. தெளித்தால் மருந்துச் செலவோடு, லேபிளில் குறித்த காத்திருப்பு நாள்களில் பழத்தையும் பறிக்க முடியாது. காய்க்காம்பில் கறுத்த குழிவு கண்டால் மட்டும் இந்த விலக்கு செல்லாது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு அந்த நிலத்தில் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றையும் தவிர்த்து, மக்காச்சோளம் போடுங்கள்.