அநுராதபுரமா, பொலன்னறுவையா? கேள்வி பதில்

கேள்வி: சென்னையிலிருந்து குடும்பத்தோடு இலங்கை வருகிறோம். பழைய நகரங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடிந்தது. எதற்குப் போகலாம்?

பதில்: ஒரு நாள் என்றால் பொலன்னறுவை. அரண்மனை, வட்டதாகே என்னும் வட்டக் கோயில், லங்காதிலகம் என்னும் புத்தர் கோயில், பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல்விகாரை எல்லாம் வடக்கே போகும் பாதையை ஒட்டி வரிசையாக வந்துவிடும். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் மாலைக்குள் நிதானமாக முடிக்கலாம். அநுராதபுரம் ஆயிரம் வருடத்துக்கு மேல் தலைநகராக இருந்த ஊர், பரந்து கிடக்கிறது. ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்தால் எந்தத் தாதுகோபம் (பௌத்த ஸ்தூபி) எது என்பதே மனதில் நிற்காது.

கேள்வி: எனக்குச் சோழர் வரலாற்றில் ஆர்வம். எந்த ஊரில் அவர்கள் தடயம் அதிகம்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பொலன்னறுவைதான். ராஜராஜன் காலத்துப் படையெடுப்பில் அநுராதபுரம் சீரழிந்தது. 1017-ல், ராஜேந்திரன் காலத்தில், சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டான். சோழர்கள் தங்கள் ஆட்சியைப் பொலன்னறுவையில் நிறுவி, ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். 1070-ல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு மீட்கும்வரை அது அவர்கள் கையில் இருந்தது.

இரண்டாம் சிவ தேவாலயம் என்று பலகையில் எழுதியிருக்கும் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். அதன் சரியான பெயர் வானவன் மாதேவி ஈச்சரம். ராஜேந்திரனின் தாயார் பெயர் அது. சின்னக் கோயில்தான், ஆனால் முழுக்க முழுக்கக் கல். சுற்று வட்டாரத்துப் பெரிய செங்கல் கட்டடங்கள் கூரையில்லாமல் நிற்க, இதன் விமானம் மட்டும் உச்சிவரை அப்படியே இருக்கிறது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள், அவற்றில் அதிராஜேந்திரன் காலத்தது ஒன்று. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பல சுற்றுலா வாகனங்கள் இங்கே நிற்பதில்லை. ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள்.

வட்டதாகே இருக்கும் வளாகத்தில் வேளைக்காரர் கல்வெட்டையும் தேடிப் பாருங்கள். புத்தரின் புனிதப் பல்லைப் பேணிய கோயிலைக் காப்போம் என்று தமிழ்ப் படையினர் தமிழிலேயே பொறித்துக் கொடுத்த உறுதிமொழி அது.

கேள்வி: நான் யாழ்ப்பாணம். அநுராதபுரத்தை ரயிலில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், இறங்கியதில்லை. தாதுகோபம் தவிர என்ன இருக்கிறது?

பதில்: அடுத்த தடவை இறங்கி இரண்டு இரவு தங்குங்கள். தாதுகோபம்தானே என்று சொல்கிறீர்கள், ஜேதவனத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மகாசேன மன்னன் தொடங்கியது. முதலில் 122 மீட்டர் உயரம், இன்று எஞ்சியிருப்பது சுமார் 71. அந்தக் காலத்தில் இதைவிட உயரமாக இருந்தவை எகிப்தின் கிசா பிரமிடுகள் இரண்டு மட்டுமே. உள்ளே இருப்பது ஒன்பது கோடிக்கு மேற்பட்ட செங்கல்.

ஸ்ரீ மகாபோதி என்னும் புனித அரச மரத்தை 2,200 வருடங்களுக்கு மேலாகப் பாதுகாத்து வருகிறார்கள். விடியலில் போனால் வெள்ளை உடுத்தியவர்கள் தாமரை மலரோடு வரிசையில் நிற்பார்கள். இந்த ஊரை இடிபாடு என்று என்னால் சொல்ல முடியாது, இன்னும் வழிபடப்படும் ஊர் இது. எல்லாளன் ஆண்டதும் இங்கேதான். அவனைப் போரில் கொன்ற துட்டகைமுனுவே அவனுக்கு நினைவிடம் எழுப்பி வணங்கச் செய்தான் என்றும், பிற்கால அரசர்களும் அந்த இடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தினார்கள் என்றும் மகாவம்சம் சொல்கிறது. அது எந்த இடம் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எது சுலபம்?

பதில்: பொலன்னறுவை. வாகனத்தில் இடத்துக்கு இடம் போகலாம். இரண்டு ஊரிலும் வழிபாட்டு இடங்களில் செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும், நண்பகலில் கல் தரை கொதிக்கும். தடித்த காலுறை கொண்டு போங்கள். அநுராதபுரத்துக்குப் பக்கத்து மலைத்தலமான மிகிந்தலைக்கும் ஆசைப்பட்டால், 1,840 படி என்று பயப்பட வேண்டாம், பாதி மலைக்குமேல் வாகனம் போகும்.

கேள்வி: ஆகஸ்டா, டிசம்பரா?

பதில்: ஆகஸ்ட். வெயில் கடுமைதான், ஆனால் பொலன்னறுவைக்குப் பக்கத்து மின்னேரியாக் குளத்தில் அப்போது யானைக் கூட்டங்கள் இறங்கும். அந்தக் குளமும் ஜேதவனம் கட்டிய அதே மகாசேனன் வெட்டியது. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை. பௌத்தம் இலங்கைக்கு வந்ததைக் கொண்டாடும் ஜூன் மாதப் பொசன் பௌர்ணமிக்கு அநுராதபுரம் போவதானால் தங்குமிடத்தை நன்றாக முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால்?

பதில்: இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காலவரிசைப்படி அநுராதபுரம் முதலில், பிறகு பொலன்னறுவை. ரயிலில் போவதானால் மாகோ சந்திவரை தெற்கே இறங்கி மட்டக்களப்புப் பாதைக்கு மாற வேண்டும், நேரம் வீணாகும். ஹபரணை வழியாகச் சாலையில் போய்விடுங்கள்.