பொது மருத்துவ வார்டில் என்ன நடக்கிறது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவத் துறை என்ன செய்கிறது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நோயாளிகளின் வீட்டுக்காரர்கள், மாணவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்தன. அந்தத் துறையில் வைத்தியம் பார்த்துக்கொண்டும் பாடம் நடத்திக்கொண்டும் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, கால் வீக்கம், கூடவே சர்க்கரை. இதயப் பிரிவில் சேர்ப்பார்கள் என்று நினைத்தோம். பொது மருத்துவ வார்டில் படுக்க வைத்திருக்கிறார்கள். அது காய்ச்சல், சளி பார்க்கிற இடம்தானே டாக்டர்?

பதில்: இல்லைங்க. பெரியவர்களுக்கு வருகிற, அறுவை சிகிச்சை இல்லாமல் மருந்தால் பார்க்கக்கூடிய நோய்கள் பெரும்பாலும் எங்கள் துறைக்குள்தான் வரும். மூச்சு வாங்கிக் கால் வீங்கினால் இதயம் காரணமாக இருக்கலாம். சிறுநீரகம், கல்லீரல், ரத்தசோகை, தைராய்டு என எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்கு இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

அப்பா மாதிரி ஒருவருக்கு நீர் பிரிகிற மருந்தைக் கூட்டினால் மூச்சு சீராகும், ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறலாம். அது ஏறினால் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டி வரும். சிறுநீரகம் மந்தமானால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும், பழைய அளவையே போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். தேவைப்பட்டால் இதய மருத்துவரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்போம். மாரடைப்பு மாதிரி இருந்தால் நேராக அங்கேதான் போயிருப்பார்.

கேள்வி: அம்மாவிடம் ஒரே கதையை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். முதலில் ஒரு மாணவி, அப்புறம் முதுநிலை மாணவர், உதவிப் பேராசிரியர், கடைசியில் யூனிட் சீஃப். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க மாட்டாரா?

பதில்: படிப்பார்கள். படித்துவிட்டுத்தான் மறுபடியும் கேட்கிறார்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் தயவுசெய்து சொல்லுங்கள்.

எங்கள் துறையில் நோயைக் கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு பேச்சுக்குத்தான். 1975-ல் பிரிட்டனில் ஓ.பி.க்குப் புதிதாக வந்த 80 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அனுப்பிய மருத்துவரின் கடிதத்தையும் நோயாளி சொன்னதையும் வைத்தே 66 பேருக்கு நோய் சரியாகப் பிடிபட்டுவிட்டது. உடலைத் தொட்டுப் பார்த்ததால் முடிவு மாறியது 7 பேருக்கு, பரிசோதனைகளால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. இன்றைக்கு ஸ்கேன் வசதிகள் எவ்வளவோ கூடிவிட்டன. ஆனால் எந்த ஸ்கேன் எடுப்பது என்பதை முடிவு செய்வது இன்னமும் இந்தப் பேச்சுதான்.

ஒரு முறை வயதான ஒரு பாட்டி குழப்பமாகப் பேசுகிறார் என்று கொண்டுவந்தார்கள். ரத்தத்தில் சோடியம் 118. சாதாரணமாக 135-க்குக் குறையக் கூடாது. மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. என்னென்ன மாத்திரை என்று கேட்டபோதெல்லாம் ‘பிரஷருக்கு ஒன்று’ என்றே வீட்டில் சொன்னார்கள். மூன்றாவதாகப் பேசிய பயிற்சி மருத்துவர், மாத்திரைப் பையைக் கட்டில்மேல் கொட்டச் சொன்னார். பழைய பிரஷர் மாத்திரை அட்டைக்குக் கீழே புதிதாக ஓர் அட்டை, அதில் பாதி காலி. தயாசைடு வகை நீர் மாத்திரை, ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வயதானவர்களுக்குச் சோடியத்தை இறக்குவதில் அதற்குப் பேர் உண்டு. அதை நிறுத்தி, சோடியத்தை அவசரப்படாமல் மெதுவாக ஏற்றியதும் பாட்டி பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். (வேகமாக ஏற்றினால் மூளையே பாதிக்கப்படும்.)

அதனால் வரும்போது மாத்திரைகளைப் பையோடு கொண்டுவாருங்கள். சீட்டு மட்டும் போதாது. சீட்டில் இருப்பது ஒன்று, உண்மையில் விழுங்குவது வேறு என்று அடிக்கடி பார்க்கிறோம்.

கேள்வி: மாணவர்கள் கூட்டமாக வந்து தொட்டுப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேண்டாம் என்றால் வைத்தியத்தில் குறை வைத்துவிடுவார்களோ?

பதில்: தாராளமாக வேண்டாம் என்று சொல்லலாம். வைத்தியத்தில் ஒரு குறையும் வரக் கூடாது. வந்தால் அது எங்கள் தப்பு, உடனே யூனிட் சீஃபிடம் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பார்க்கட்டும், திரை போடுங்கள், பெண் மருத்துவர் கூட இருக்கட்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை.

அதே நேரம் என் பக்கத்தையும் சொல்கிறேன். இதயத்தின் முணுமுணுப்பு ஒலியைப் பதிவுகளில் கேட்டுப் பழகலாம். மெலிந்த ஒருவர், பருத்த ஒருவர், மூச்சு வாங்குகிற ஒருவர் என ஆளுக்கு ஆள் அது எப்படி மாறுகிறது என்பது வார்டில்தான் தெரியும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஆஸ்லர் 1890-களில் மாணவர்களை வார்டுக்குள் கொண்டுவந்து அங்கேயே வேலை பழகச் செய்தார். இன்றைக்கும் எங்கள் துறை பாடம் நடத்துவது அந்த வழியில்தான். உங்களால் முடிகிற அன்றைக்கு அனுமதி கொடுத்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்வோம்.

கேள்வி: தினமும் விடியற்காலையில் ரத்தம் எடுக்கிறார்கள். இது பயிற்சிக்காகவா?

பதில்: பயிற்சிக்காக எடுக்கக் கூடாது. பொட்டாசியம், கிரியேட்டினின் மாறிக்கொண்டிருக்கும்போது தினசரி பார்த்தே ஆக வேண்டும். ஆனால் நிலைமை சீரான பிறகும் பழக்கத்தில் எழுதிக்கொண்டே போவது உண்டு, அதை நான் ஆதரிக்க மாட்டேன். 2013-லேயே அமெரிக்காவின் மருத்துவமனை மருத்துவர்கள் சங்கம், சீராக இருக்கும் நோயாளிக்கு இப்படித் திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ‘இன்றைக்கு எதற்காக எடுக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். காரணம் இருந்தால் சொல்வார்கள்.

கேள்வி: தம்பிக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். சேர்த்த பிறகும் ஆன்டிபயாடிக் போடாமல் சோதனை மேல் சோதனை. எங்களுக்குப் பயமாக இருக்கிறது டாக்டர்.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. காரணம் பிடிபடாத நீண்ட காய்ச்சலுக்கு 1961-ல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு வரையறை கொடுத்தார்கள்: மூன்று வாரத்துக்கு மேல், பல தடவை 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தும் காரணம் தெரியாதது. அவர்கள் பார்த்த 100 பேரில் தொற்று இருந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். மற்றவர்களுக்குப் புற்றுநோய், மூட்டு-இணைப்புத்திசு நோய்கள் என்று வேறு வேறு.

அதனால் குருட்டாம்போக்கில் ஆன்டிபயாடிக் போட்டால் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை) கிருமி வளராமல் போகும், காய்ச்சல் நாலு நாள் அடங்கி மறுபடி வரும். ஸ்டீராய்டு அதைவிட மோசம். நிணநீர்ப் புற்றுநோயை மறைத்துவிடும், காசநோயைக் கிளறிவிடும். தம்பி நடமாடிக்கொண்டு, பிரஷர் சரியாக இருக்கிறவரை காத்திருந்து தேடுவதுதான் நல்ல வைத்தியம். பிரஷர் இறங்கினாலோ, நினைவு தடுமாறினாலோ, வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருந்தாலோ கதை வேறு. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு மருந்து ஏற வேண்டும். ‘எது நடந்தால் ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பீர்கள்?’ என்று அங்கே கேளுங்கள். ஒரு தெளிவான பதில் கிடைத்தாலே பாதிப் பயம் போகும்.

கேள்வி: தாத்தா பகலில் நன்றாகப் பேசுகிறார். ராத்திரி ஆனால் ஊசியைப் பிடுங்குகிறார், எங்களையே யார் என்கிறார். மனநோயா?

பதில்: பெரும்பாலும் இது டெலீரியம், உடல் நோயால் வருகிற தற்காலிகக் குழப்பம். உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, தொற்று, புது மருந்து எதுவும் இதைக் கிளப்பும். கண்ணாடியும் காது மெஷினும் போட்டுவிடுங்கள், பகலில் எழுப்பி உட்கார வையுங்கள், இரவில் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். வீட்டிலிருந்து தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள், குழப்பம் கூடிவிடும்.

கேள்வி: ஐயா, அடுத்த மாதம் பொது மருத்துவத்தில் முதுநிலையில் சேர்கிறேன். முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: வாழ்த்துகள் தம்பி. டியூட்டியை ஒப்படைக்கக் கற்றுக்கொள். புத்தகம் பிறகு படித்துக்கொள்ளலாம். ‘எட்டாம் பெட் ஸ்டேபிள்’ என்று சொல்லிவிட்டுப் போகாதே. ‘எட்டாம் பெட், நிமோனியா, இரண்டாம் நாள், ஆக்சிஜன் இரண்டு லிட்டர், பத்து மணிக்கு மறுபடி பார், நான்கு லிட்டர் தேவைப்பட்டால் ஐ.சி.யூ.வுக்குச் சொல்’ என்று சொல். வாங்கிக்கொள்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை நகராதே. ஒப்படைப்பை இப்படி ஒழுங்குபடுத்தியபோது ஒன்பது மருத்துவமனைகளில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. அவை குழந்தைகள் வார்டுகள்தான், ஆனால் நமக்கும் அப்படியே பொருந்தும்.

தூக்கத்தையும் விட்டுக்கொடுக்காதே. விழிப்பில்லாத மருத்துவர் டோஸ் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சந்தேகம் வந்தால் நடுராத்திரியானாலும் சீனியரை எழுப்பு.

கேள்வி: டிஸ்சார்ஜ் சம்மரியில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: மூன்று விஷயம் கேளுங்கள். எந்தப் பழைய மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள்? புதிது எத்தனை நாள்? இன்னும் வராத ரிப்போர்ட் உண்டா, அதை யார் பார்ப்பார்கள்? கல்ச்சர், பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கிற சோதனை) முடிவுகள் நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு வரலாம். அந்த ரிப்போர்ட்டுக்காக வர வேண்டிய தேதியையும் ஓ.பி. அறை எண்ணையும் சம்மரியிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.