ஒரு கரண்டித் தூளும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

கேள்வி: அன்ரி, எனக்கு வயது 46. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், எடை 71 கிலோ. கோட்டையில் வங்கி வேலை, நாள் முழுக்கக் கதிரைதான். சீனி வருத்தத்துக்குக் காலையும் இரவும் மெட்ஃபோர்மின் போடுகிறேன். கூட வேலை செய்பவர் ஒருவர் நார்ச்சத்துத் தூள் டின் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார். இராச்சாப்பாட்டுக்கு முன் இரண்டு கரண்டி குடித்தால் மாதம் ஐந்து கிலோ குறையுமாம். பத்து நாள் குடித்தேன். வயிறு ஊதி, பஸ்ஸில் ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்கவே கூச்சமாக இருக்கிறது. எடை அசையவில்லை. தொடரவா, விடவா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: பிள்ளை, முதலில் டின்னைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசியுங்கள். இன்யூலின் என்று இருந்தால் வயிறு ஊதியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அது செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும், அங்குள்ள கிருமிகள் புளிக்கவைத்துக் காற்றாக்கிவிடும். சைலியம் என்று இருந்தால், அது நம் பாமசிகளில் காலங்காலமாக விற்கிற இசப்கோல் உமிதான். அது அவ்வளவாகப் புளிக்காது. முப்பது வருஷம் கொட்டாஞ்சேனையில் பாமசி கவுன்டருக்குப் பின்னால் நின்றவள் நான். அப்போது மலச்சிக்கலுக்கென்று தாள் பெட்டியில் வாங்கிப்போன சாமான், இப்போது ஒல்லி இடுப்புப் படம் ஒட்டிய டின்னில் வருகிறது. படத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

அது வேலை செய்யும் விதத்தை வீட்டிலேயே பார்க்கலாம். அரைக் கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி இசப்கோலைக் கலக்கி மேசையில் வையுங்கள். ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிட்டு வந்து கிளாஸைச் சரித்துப் பாருங்கள். தண்ணீர் போலச் சிந்தாது, கொழகொழவென்று கட்டியாக வழுக்கும். வயிற்றுக்குள் நடப்பதும் இதுதான். அந்தக் கூழ் சாப்பாட்டை மெதுவாகக் கீழே இறங்க வைக்கும், இரத்தத்தில் சீனி ஏறுவதையும் தாமதப்படுத்தும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். கொழுப்பை எரிக்கிற வித்தை எதுவும் அதில் கிடையாது.

அப்படியென்றால் எடை குறையாதா? கொஞ்சம் குறையும். இலினோய் பல்கலைக்கழகத்தார் 2017இல் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எடை கூடிய 609 பேர், 2 முதல் 17 வாரம். கரையும் நார், அதாவது இன்யூலின், சைலியம் போலத் தண்ணீரில் கரைகிற நார்த் தூள், எடுத்தவர்களுக்கு எடுக்காதவர்களைவிடச் சராசரி இரண்டரைக் கிலோ குறைந்தது. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு முடிவு ஏகத்துக்கு வித்தியாசம். உங்கள் கணக்கில் 71 என்பது 68.5 ஆகலாம். பத்து நாளில் அல்ல, மாதக் கணக்கில். ஐந்து கிலோ என்றவர் டின்னை விற்கிறவர், அதை மறக்க வேண்டாம்.

தொடர்வதென்றால் சைலியத்துக்கு மாறுங்கள். ஒவ்வொரு கரண்டித் தூளுக்கும் ஒரு முழுக் கிளாஸாவது, அதாவது 240 மில்லிலீட்டர் தண்ணீர் வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் கடையில் சனம் நெருக்கிய நேரம், உமியை அப்படியே வாயில் கொட்டி ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன். தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி நின்றுவிட்டது. கடைப் பையன் முதுகில் ஓங்கித் தட்டிய தட்டு இன்றும் ஞாபகம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களும் குடலில் அடைப்பு வந்தவர்களும் இதைத் தொடவே கூடாது.

அடுத்தது உங்கள் குளிசை. அந்தக் கூழ் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே இரண்டுக்கும் நடுவே இரண்டு மணித்தியாலமாவது விடுங்கள். நீங்கள் காலையும் இரவும் குளிசை போடுவதால் தூளை இராச்சாப்பாட்டோடு வைப்பது பிழை. பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன், அலுவலகத்தில் குடியுங்கள். அரைக் கரண்டியில் தொடங்கி, வயிறு பழகப் பழகக் கூட்டலாம். மெட்ஃபோர்மினோடு கிளிக்லசைட் என்ற இன்னொரு சீனிக் குளிசையோ இன்சுலினோ இருந்தால், கிளினிக்கில் கேட்காமல் தொடங்க வேண்டாம், சீனி அளவுக்கு மீறி இறங்கலாம்.

ஒன்று சொல்லட்டுமா? இவ்வளவு எழுதிய நீங்கள், இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தூளைக் குடித்துவிட்டு ஒரு முழுக் கொத்துரொட்டியோடு உட்கார்ந்தால் அந்தப் பாவப்பட்ட உமி என்ன செய்யும்? பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கப் அவித்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 12 கிராம் இருக்கிறது, அதில் ஒரு பங்கு கரையும் நார். வெண்டிக்காயை வெட்டும்போது கத்தியில் இழுபடுகிற வழுவழுப்பும் அந்த இனம்தான். சோற்றில் பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் கடலையும் வெண்டிக்காய்க் கறியும் வைத்து ஒரு மாதம் பாருங்கள். டின் முடிந்தால் இன்னொன்று வாங்க நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: பலூடாவில் போடுகிற கசகசாவும் எடையைக் குறைக்குமாமே?
வாசகர், தெஹிவளை

பதில்: அது உண்மையில் கசகசா இல்லை, துளசி இனத்து விதை. ஊறியதும் கறுப்பு விதையைச் சுற்றித் தவளை முட்டை மாதிரி ஒரு உறை வருகிறதே, அது கரையும் நார்தான். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேசிக்காய் பிழிந்து குடித்தால் நல்லது. நீங்கள் கேட்பது சிவப்புச் சர்பத்தும் பாலும் ஐஸ்கிறீமும் சேர்ந்த பலூடா. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஒன்று குடியுங்கள், ஆனால் அதை மருந்துக் கணக்கில் எழுதாதீர்கள்.